பன்னிரண்டாம் நம்பர் பனியன்

ஊரே பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்க, நான் மட்டும் பழைய பனியனைத் தேடித் தேடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் கபடிப் பனியன்கள். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் கோயில் நோம்பி என்கிற திருவிழா வந்தால் கபடிப் போட்டியும் உண்டு. ஒவ்வோர் ஊர் அணிக்கும் ஏதாவதொரு கம்பெனி, முதுகில் தன் பெயரை அடித்துப் பனியன் கொடுக்கும். நான் சேர்த்தவை அவைதான்.

குண்டடத்தில் ஒருவர் டிராக்டர் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன். பொங்கலூரில் ஒன்று சோளக்காட்டுப் பொம்மையின் மேல் இருந்தது. அதைக் கழற்ற, என் சட்டையைப் பொம்மைக்கு மாட்டிவிட்டு வெற்றுடம்போடு வந்தேன் என்று என் மனைவி சொந்தபந்தத்தில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சுத்தப் பொய். அது வண்டிப் பெட்டியில் கிடந்த வேறு சட்டை.

இந்த வருஷம் மகள் தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. அவள் அறை முழுக்க என் பனியன்கள். பீரோவில் ஒரே ஒரு தட்டு தருவேன், அதில் அடங்குவதை வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை அப்புறப்படுத்துங்கள் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். நானும் தினமும் பிரிக்க உட்காருவேன். ஒன்றை எடுப்பேன், அந்த ஆட்டம் ஞாபகம் வரும், அப்படியே பொழுது போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தால், கூடத்தில் இரண்டு குவியல். என் மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருப்பவள். துணியில் எங்கே கறை, ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட்டில் போடுவது அவள் வேலை. கம்பெனியில் பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? பெரிய குவியல் முழுக்க அம்புகள். பக்கத்தில் சுத்தமான நாலைந்து மட்டும் மடித்து வைத்திருந்தாள். அவை பாஸ்.

எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்பு அம்பாகக் காட்டிப் பாடம் எடுத்தேன். இந்தக் கறை ஃபைனலில் மூக்கு உடைந்து சொட்டிய ரத்தம். இந்தச் செம்மண் எத்தனை சோப்புக்கும் போகாத குண்டடத்து மண். இந்தத் தோள்பட்டைக் கிழிசல், நாலு பேர் பிடித்திழுத்தும் ஒருத்தன் நடுக்கோட்டைத் தொட்ட கிழிசல். கறைதான் ஆடியதற்குச் சாட்சி. சுத்தமாக இருப்பதை வைத்து என்ன செய்வது?

"ரிஜெக்ட்ட வெச்சுக்கிட்டு பாஸ வெளிய போடற கம்பெனி உங்குளுது ஒண்ணுதானுங்க" என்று சிரித்துக்கொண்டே, பெரிய குவியலைத் தட்டில் அமுக்கிக்கொள்ள என் பக்கம் தள்ளிவிட்டு, சுத்தமானவற்றை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டாள். கடைசியாக அடியில் இருந்ததைப் பிரித்தாள். பன்னிரண்டாம் நம்பர்.

அது என்னுடையது. ஏழு பேர் ஆட, ஐந்து பேர் வெளியே உட்காருவோம். அந்த ஐந்திலும் நான் கடைசி. போட்டிக்குப் போட்டி அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு, ஆடுகிறவர்களின் வாட்ச்சுகளை முழங்கை வரை கட்டிக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவைகூட உள்ளே கூப்பிடவில்லை. ஆடாவிட்டாலும் ஆடியவன் மாதிரி ஒவ்வொரு தடவையும் துவைத்துக் காயப்போடுவேன். துவைத்துத் துவைத்தே அது பஞ்சாகிவிட்டது. ஒரு பொட்டுக் கறை கிடையாது.

"இதையும் போட்டறதுங்களா?" என்று கேட்டாள்.

நானே வைத்த சட்டம். இப்போது மாற்றினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். "போடு அம்மிணி" என்றேன்.

அவள் சாக்கில் போடவில்லை. மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "பொறக்கற கொழந்தைக்கு மொதல்ல பழைய துணிதானுங்க போடோணும். இந்த ஊட்டுல இத்தன மெதுவா வேற துணி ஏதுங்க?" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு மனசே இல்லை. ஆனால் பிறக்கப்போகிற குழந்தையோடு யார் மல்லுக்கு நிற்பது?

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை என் பனியனில் சுற்றித்தான் கையில் கொடுத்தார்கள். இத்தனூண்டு வயிற்றுக்கு மேலே பெரிதாகப் பன்னிரண்டு. அழுதுவிட்டேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சம்பந்தியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே பேத்தி தன் வேலையைக் காட்டிவிட்டாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. என் மனைவி சோப்பு போட்டாள், எலுமிச்சை தேய்த்தாள், வெயிலில் போட்டாள். வெளிநாட்டுக்காரன் சட்டைக் கறையை எல்லாம் ஒரே பார்வையில் பிடிக்கிறவளுக்கு அது மட்டும் மசியவில்லை.

கொடியிலிருந்து அதை எடுத்துவந்து வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஓர் அம்பு ஸ்டிக்கரை உரித்து, மஞ்சளைப் பார்த்தாற்போல் ஒட்டி, என்னிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, இப்ப இதுவும் ரிஜெக்ட்டுங்க. கொண்டுபோய் பீரோவுல வெச்சுக்குங்க."