தங்கூசி போட்ட கியர்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து நேராக வராது. சொல்ல வந்ததைப் பாதியில் மறந்தும் போவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். ஆனால் என் மருமகன் சந்தியில் நின்று என் சைக்கிளைப் பற்றி ஒரு கதை சொல்லித் திரிகிறார். அது பொய். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், கடற்கரை ஓரம். மகளுக்குக் கலியாணம் முடித்தபோது எங்கள் வழக்கப்படி வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு நான் பின்பத்திக்கு, வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு, மாறினேன். மருமகனுக்குக் கடல் தொழில். அவரும் நானும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. மாமிக்கும் மருமகனுக்கும் அதுதான் மரியாதை என்பார்கள். எங்களுக்குள் மரியாதை தீர்ந்து எவ்வளவோ காலம், கதையாமல் இருக்கிறது மட்டும்தான் மிச்சம். எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் மகளிடம் சொல்லுவார், என் காதில் விழும்படி. நானும் அப்படியே.

எனக்கென்று இருப்பது ஒரு கியர் சைக்கிள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் தம்பி வாங்கித் தந்தது. விடிய இடியப்பம் அவித்து, பெட்டியைக் கரியரில் கட்டி, துறைமுகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்கு நானே கொண்டுபோவேன். வழியில் ஓர் ஏற்றம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற காலத்தில் அதுவும் நெஞ்சில் வந்து அறையும். கியரை இலேசுக்குப் போட்டால் இந்த வயதிலும் இறங்காமல் ஏறிவிடுவேன். ஒரு நாளில் மருமகனின் முகத்தைப் பாராமல் நான் இருக்கிற நேரம் அதுதான்.

உப்புக் காற்றில் கியர் வயர் துருப்பிடித்து அறுந்தது. மகள் கெஞ்சியதற்காக மருமகன் திருத்தினார். கடைக்குப் போய் வயர் வாங்கவில்லை. மீன் பிடிக்கிற தங்கூசியை, அந்த நைலோன் நரம்பை, வயர் ஓடுகிற குழாய்க்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டார்.

"பாரை மீனையே இழுக்கிற தங்கூசி. உன்ர அம்மாவின்ர கியரை இழுக்காதோ?" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

கரையில் இருக்கிற எங்களுக்கு எல்லாவற்றுக்கும் தங்கூசிதான். வேலி கட்டவும் அதுதான், அறுந்த செருப்பைத் தைக்கவும் அதுதான். நானும் நம்பினேன்.

கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஏற்றத்தின் நடுவில் சங்கிலி டக்கென்று சின்னப் பல்லுச்சில்லுக்கு விழத் தொடங்கியது. மிதி கல்லாகிவிடும். ஒரு நாள் அப்படியே சரிந்தேன். இடியப்பம் முழுக்க மண்ணில்.

மகளிடம் சொன்னேன். முன்பக்கத்துக் கதிரையில் இருந்த மருமகனிடமிருந்து பதில் வந்தது.

"சைக்கிளில ஒண்டும் இல்லையெண்டு சொல்லு. காலிலதான் பழுது. கிழவிக்கு இனி ஏலாது. ஞாயிற்றுக்கிழமை இலங்கைத்துறையில இருந்து என்ர தம்பி வாறான், அவன் சைக்கிளைக் கொண்டுபோகட்டும். இடியப்பத்தை நான் மோட்டச்சைக்கிளில குடுக்கிறன்."

"அவர் சொல்லுறதும் சரிதானே அம்மா," என்றாள் மகள். அவர் சொன்னதை விட அதுதான் கூடச் சுட்டது.

"என்ர காலையும் சேத்துக் குடுக்கச் சொல்லு உன்ர புருசனிட்ட," என்றேன்.

அன்று முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. மத்தியானம் உடுப்பு காய்ந்ததா என்று பார்க்கக் கொல்லைக்குப் போனேன். எங்கள் கொடியும் தங்கூசிதான். காலையில் விறைப்பாகக் கட்டிய கொடி, ஈரச்சேலையின் பாரத்தில் வயிறு தள்ளி, சேலைத் தலைப்பு மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றது. அங்கேயே நின்று பார்த்தேன். காலில் பழுதில்லை.

சனிக்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு டவுணுக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரர் தங்கூசியைப் பார்த்துவிட்டு, "மீன் ஏதும் கொத்தினதா அம்மா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. "வெச்சிட்டுப் போங்க, திங்கள் பாத்துத் தாறன்" என்றார். திங்கள் சைக்கிள் இலங்கைத்துறையில் நிற்கும். வயரை மட்டும் வாங்கி, போடுகிற விதத்தை இரண்டு தரம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

முற்றத்தில் சாக்கை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். மருமகன் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்தார்.

"என்ன, ஒப்பிரேசனோ?" என்று மகளைக் கேட்டார்.

தங்கூசியை வெட்டி உருவி எறிந்தேன். சங்கிலியைச் சின்னப் பல்லுச்சில்லில் விட்டேன், அங்கேதான் வயர் தளர்ந்து நிற்கும். கைபிடிப் பக்கத்தால் புது வயரை விட்டேன். அதன் நுனியில் ஒரு குண்டுத்தலை இருக்கிறது, அது உள்ளே போய் இருக்க வேண்டும். குழாய்க்குள் துளி எண்ணெய். பின்பக்கம் குறட்டால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆணியை இறுக்கினேன். மிதியைக் கையால் சுற்றிக் கியரை மாற்றினால், சங்கிலி பெரிய சில்லுக்கு ஏறாமல் கிரீச் கிரீச் என்று உரசியது.

"கேக்குதே பாட்டு?" என்றார் மருமகன்.

பின்பக்கம் குழாய் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைக் கழற்றுவதுபோல் வெளியே திருப்பினால் வயர் இறுகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கொஞ்சம் திருப்பினேன், சுற்றினேன். இன்னும் கொஞ்சம். சத்தம் நின்றது. சங்கிலி ஒவ்வொரு சில்லாக ஏறி, ஒவ்வொன்றாக இறங்கியது.

"தலைகீழா நிக்கேக்க எல்லாச் சைக்கிளும்தான் ஓடும். ஏத்தத்தில பாப்பம் எண்டு சொல்லு."

நான் மகளைப் பார்க்கவில்லை. இத்தனை வருசத்தில் முதல் தரமாக அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"தங்கூசி நீளும் தம்பி. பாரையைக் கரைக்கு இழுத்தா அதின்ர வேலை முடிஞ்சுது. கியர் வயர் இழுத்தபடியே நிக்கோணும். என்ர கால் அப்பிடியேதான் இருக்குது."

மகள் குசினிக்குள் ஓடிவிட்டாள். அவர் மிச்சத் தேத்தண்ணியை என் சாக்கின் ஓரத்தில் ஊற்றிவிட்டு எழும்பிப் போனார்.

ஞாயிறு விடிய அவருடைய தம்பி முதல் பஸ்ஸில் வந்தபோது நான் ஏற்றத்தில் இருந்தேன். கச்சான் அடித்தது. சங்கிலி விழவில்லை. நான் இறங்கவும் இல்லை. இடியப்பம் கொடுத்து முடிந்த பிறகும், தம்பிக்காரன் திரும்பிப் போகிற பஸ் போகும் வரைக்கும் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையிலேயே இருந்தேன். அவன் என் இடியப்பத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டு வெறுங்கையோடு போனான் என்று மகள் சொன்னாள்.

இப்போது மருமகன் சந்தியில் சொல்லும் கதை இது: "மாமியின்ர கியரை நான்தான் திருத்திக் குடுத்தனான். மனுசி இப்ப பறக்குது." ஊரும் ஓம் ஓம் என்று தலையாட்டுகிறது. வெட்டி எறிந்த தங்கூசியை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அந்தச் சின்னத் திருகை எந்தப் பக்கம் திருப்பியது என்று கைக்குத் தெரியும். ஆனால் சைக்கிள் தலைகீழாக நின்றதால், எழுதும்போது மாறிப்போனதோ தெரியவில்லை. கியர் வேலை தெரிந்த யாராவது ஒருக்கால் பார்த்துச் சரிபிழை சொல்லுங்கள். என் மருமகனிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பிழை அகப்பட்டால் போதும், சைக்கிளை இலங்கைத்துறைக்கு அனுப்பிவிடுவார்.