அம்மனுக்கு நேர்ந்த முடி

நாய்க்கு முடி வெட்டுகிறவள் என்று சொன்னால் ஜனங்களுக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் சந்தேகம் வரும். சிரிப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பொன்னேரியில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு கால்நடை டாக்டரிடம் உதவிக்கு இருந்தபோது நான் கற்றுக்கொண்ட வேலை இது. ஒரு ரெக்சின் பையில் கம்பிப் பிரஷ், சீப்பு, கத்திரி, மெஷின், நகவெட்டி, பழைய துண்டுகள் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு ஒரு நாள் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டி போவேன், மறுநாள் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போவேன். என் மாமியார் சொந்தக்காரர்களிடம் "மருமவ டாக்டர் ஆபீஸ்ல இருக்கா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். நாய் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே வராது.

எனக்கு ஒரு சட்டம் உண்டு. வேலை முடிகிறவரை வளர்க்கிறவர்கள் அந்த அறைப் பக்கம் வரக்கூடாது. அவர்கள் பக்கத்தில் நின்றால் நாய் நாடகம் போடும். சீப்பு மேலே படுவதற்குள் கொலை விழுந்த மாதிரி கத்தும். அவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டால் சமர்த்தாக நிற்கும். ஆனால் வெளியே நிற்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவ்வளவு நேரம் கத்திய நாயின் சத்தம் திடீரென்று நின்றுபோனால் அவர்கள் மனசு என்னென்னவோ யோசிக்கும்.

திருவள்ளூரில் ரயில்வேயில் இருந்து ரிட்டையரான ஒரு பெரியவர், நான் ஊசி போட்டுத்தான் நாயை அடக்குகிறேன் என்று முடிவே கட்டிவிட்டார். வேலை முடிந்ததும் நாயின் வாயை மோந்து பார்ப்பார், அப்புறம் என் பையை மோந்து பார்ப்பார். ஒரு நாள் வாசல்வரை கூடவே வந்து, யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த மருந்தில் கொஞ்சம் தனக்கும் கொடுத்தால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும் என்று கேட்டார். நான் சீப்பை எடுத்து அவரிடம் காட்டினேன். அவர் நம்பவில்லை, ஆனால் அடுத்த மாசமும் என்னைத்தான் கூப்பிட்டார்.

அதே ஊரில் ஒரு டீச்சர் இருந்தார். அவரைப் பொறுத்தவரை என் வேலை தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். நாயைக் கழுவுகிற தண்ணீரிலேயே மிதியடியையும் ஒரு அலசு அலசிவிடச் சொன்னார். மிதியடிக்கு நகமும் வெட்டணுமா டீச்சர் என்று கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு காபி போட்டுக்கொண்டு வந்தார். கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு இன்ஜினியர், நாயோடு விளையாடுவதற்கே சம்பளம் வாங்கும் நான் கொடுத்து வைத்தவள் என்றார். கையைத் திருப்பி நகம் கீறிய தழும்புகளைக் காட்டினேன். அவர் அதைச் செல்லக் கடி என்று எடுத்துக்கொண்டார்.

இப்படி மருந்துக்காரி, வண்ணாத்தி, விளையாட்டுக்காரி என்று ஆளுக்கொரு விதமாக என்னைப் பார்த்தார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு அக்கா பார்த்த விதம் மட்டும் இன்றைக்கு வரைக்கும் மனசை விட்டுப் போகவில்லை.

அவர்கள் இருந்ததும் குவார்ட்டர்ஸ்தான். நாற்பதை ஒட்டிய வயசு. வீட்டுக்காரர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். குழந்தை இல்லை. வெள்ளைப் பொமேரியன் ஒன்று வைத்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டது அந்த வீட்டுக்காரர்தான். நாயைத் தடவிப் பார்த்தேன். முடி முழுக்கச் சடை. காதுக்குப் பின்னால், வயிற்றடியில், தொடையில் எல்லாம் கெட்டிப்பட்டுப்போய்க் கம்பளித் துண்டு ஒட்டிய மாதிரி இருந்தது. அது ஒரு அடி எடுத்து வைத்தாலே தோல் இழுபடும், வலிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு சீப்பை எடுத்தேன். நாலு இழுப்பு இழுத்திருப்பேன், கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அக்கா வந்துவிட்டார். நாயைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து, தரையில் விழுந்த முடியை ஒரு இழை விடாமல் பொறுக்கி ஒரு மஞ்சள் பையில் போட ஆரம்பித்தார். அந்தப் பை ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது.

"இது அம்மாவுக்குச் சேர வேண்டியதும்மா. நீ பாட்டுக்குப் பெருக்கித் தள்ளிடாத" என்றார்.

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. குட்டியாக இருந்தபோது அதற்கு வாந்தியும் ரத்தபேதியுமாகப் போய்ப் பிழைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். இவர் தன் பிறந்த ஊரான, இதே திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிப் பக்கம், ஆற்றங்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிழைத்தால் இதற்கு மொட்டை போடுகிறேன் என்று. பிழைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்த முடி அம்மனுடையது. சீப்பு வைத்தால் நாலு முடி உதிரும், உதிர்வது அம்மனின் சொத்து, அதனால் சீப்பே வைப்பதில்லை. சோபாவில் ஒட்டுகிற முடிகூடப் பைக்குள் போய்விடும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேண்டிக்கொண்டால் போய்ச் செலுத்த வேண்டியதுதானே, இத்தனை மாசமா எதற்கு இந்த வாயில்லா ஜீவனைப் போட்டு வதைக்கிறீர்கள் என்று கத்திவிட்டேன். அக்கா நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் வீட்டுக்காரர்தான் அடுப்படியில் டீ போட்டபடி மெதுவாகச் சொன்னார்.

"மாமன் மடி இல்லாம மொட்டை எப்பிடிம்மா போடறது? அவங்க அண்ணன் வரணும். அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து நானும் நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் ஆரணியில் உரக்கடை வைத்திருந்தார். தங்கச்சிக்குக் குழந்தை இல்லையே என்று தன் இரண்டாவது பையனைத் தத்துக் கொடுக்க முன்வந்தவர். பெற்றவளிடமிருந்து பிரித்துக் குழந்தையை எடுக்க மாட்டேன் என்று இவர் மறுத்துவிட்டார். அண்ணன் அதைக்கூட விழுங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த வருஷமே இவர் நாய்க்குட்டி வாங்கி வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளையை வேண்டாம் என்றவள் நாயை எடுத்துக்கொண்டாள் என்று ஊர் முழுக்கச் சொன்னார். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. தீபாவளிக்குச் சேலைகூட வரவில்லை. மொட்டைக்கு மடி கொடுக்க வாங்க என்று ஒரு உறவுக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பியதற்கு, நாய்க்கு நான் மாமனா என்று கேட்டாராம்.

இந்த அக்கா அழவில்லை. ஆனால் அன்று உள்ளே போய், அந்த நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. முடி ஒரு சாக்கு. அண்ணன் ஒரு தடவை இந்த வீட்டுப் பிள்ளை என்று ஒன்றை மடியில் வாங்க வேண்டும். அது நடக்காமல் அவர் கத்திரியை உள்ளே விடமாட்டார்.

அதற்காக நாயைச் சும்மா விட முடியுமா? உங்கள் அண்ணன் கோபம் ஆறுகிறவரை இதன் தோல் தாங்காது அக்கா, ஒரு நாளைக் குறியுங்கள், வந்தால் வரட்டும் என்றேன். தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. கோயிலில் குழந்தைகளுக்கு மொட்டை போடுகிறவர் நாய் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். ஆகவே நான்தான் வர வேண்டும்.

அக்கா வாய்வார்த்தையாக வரச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ரயிலேறிப் பொன்னேரிக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி வைத்து, விசேஷத்துக்கு அழைப்பது போல என்னை அழைத்தார். மாமியார் முன்னால். நாய்க்கு மொட்டை என்று அவர் சொல்லச் சொல்ல மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் மனுஷி எழுந்து போய்க் காபி கலந்து கொண்டுவந்தார். நான் என்ன பூசாரியா, எனக்கு எதற்கு அக்கா தட்டெல்லாம் என்று முறைத்துக்கொண்டேதான் வாங்கினேன். வாங்கி, நேராகச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

ஒன்றை மட்டும் அப்போதே கண்டிப்பாகச் சொன்னேன். பொமேரியனுக்குத் தோலோடு ஒட்ட மழித்தால் முடி திரும்ப ஒழுங்காக வராது. பொம்பளைகள் மூன்று கத்திரி பூ முடி கொடுக்கிறார்களே, அதுபோல முதலில் பூ முடி, அப்புறம் சடையை மட்டும் எடுக்கிறேன் என்றேன். மொட்டை என்றுதானே வேண்டிக்கொண்டேன் என்று தயங்கினார். அதான் அரைப் பை முடி சேர்த்து வைத்திருக்கிறீர்களே, அம்மன் என்ன தராசு வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அதற்கப்புறம்தான் சரி என்றார்.

அண்ணனுக்கு அவரே ஒரு ரூபாய் போனில் பேசினார். வீட்டு நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டாராம். நாள், நேரம், இடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மறுமுனையில் ரிசீவரை வைக்கும் சத்தம்தான் கேட்டதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் நாயுமாக ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். வேப்பமரத்தடியில் அவர் வீட்டுக்காரர் சாக்கை விரித்தார். அக்கா பட்டுச்சேலையில் வந்திருந்தார். பொங்கல் வைத்தார், படைத்தார். பூசாரி தீபாராதனை காட்டிவிட்டு எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனார். அண்ணனைக் காணோம். ஆரணி ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்காவின் தலை திரும்பும். வெயில் ஏற ஏற நாய் நாக்கைத் தள்ளிக்கொண்டு இரைத்தது.

அவர் வீட்டுக்காரர் தன் மடியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார். அப்படியானால் என் மடியில் வைத்துக்கொண்டு நானே வெட்டுகிறேன், எழுந்திருங்கள் என்று நான் பொறுமையிழந்து சத்தம் போட்டேன். அதற்கும் அவர் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டபின் கத்திரியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அந்த அண்ணனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டிவிஎஸ் வண்டி மணலோரம் வந்து நின்றது. கட்டையான மனிதர், வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. பின்னால் ஒரு கூடையைக் கட்டியிருந்தார். அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்து தங்கச்சி பக்கம் திரும்பாமல் சாக்கின்மேல் வைத்தார். தேங்காய், வாழைப்பழம், புதுத் துண்டு. நடுவில் மணி கட்டிய சிவப்புக் கழுத்துப் பட்டை ஒன்று. மருமகனுக்கு மாமன் அரைஞாண் எடுத்து வருவதில்லையா, அந்த மாதிரி.

எங்கே உட்கார வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டை மடியில் விரித்து, கையை நீட்டினார். அக்கா நாயைக் கொண்டுவந்து அந்தக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு எட்டிப் போகவில்லை. என் சட்டப்படி அவரை மரத்துக்கு அந்தப் பக்கம் விரட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

பழக்கமில்லாத மடி, எதிரே வளர்த்தவள். கேட்க வேண்டுமா? நாய் திமிறியது, முனகியது, அக்கா பக்கம் தாவப் பார்த்தது. அண்ணன் இரண்டு கையாலும் பிடித்தார். பயத்தில் அது துண்டையும் தாண்டி அந்த வெள்ளை வேட்டியில் மூத்திரம் போய்விட்டது. கத்திரியோடு நான் அப்படியே நின்றேன். அக்கா முந்தானையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், துடைக்கக் கை வரவில்லை, நடுவிலேயே நின்றுவிட்டார். அந்த மனிதர் உதறிவிட்டு எழுந்து போய்விடுவார் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

அவர் குனிந்து வேட்டியைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, இத்தனை நாளில் முதல் தடவையாகத் தங்கச்சியைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்பிடி நடுங்கிக்கினு நிக்கற? எந்தக் கொழந்த மாமன் மடில ஒண்ணுக்குப் போவல?"

அக்கா அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் வீட்டுக்காரர் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கும் கண் மறைத்தது, ஆனால் கையில் கத்திரி இருக்கும்போது அழ முடியாது.

நெற்றிக்கு மேலே ஒரு கொத்து, காதோரம் இரண்டு கொத்து, பூ முடி எடுத்து அக்கா நீட்டிய மஞ்சள் பையில் போட்டேன். அப்புறம் காதுக்குப் பின்னாலிருந்த பெரிய சடையை விரலால் பிரித்து, கத்திரி முனையை உள்ளே விட்டேன். நாய் லேசாக வீல் என்றது. அண்ணன் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் அப்படி ஒரு சந்தேகம்.

"மெதுவாம்மா, புள்ளைக்கு வலிக்கப் போவுது" என்றார்.