யார் செய்தது என்று கேட்ட இணையதளம்

மைதிலியின் ஆங்கிலத்தில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ போட்டுப் பேசி வளர்ந்தவள். ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை என்றதும், இடம் கிடைத்த பக்கமெல்லாம் ‘கைண்ட்லி’யைச் செருகினாள். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் அவள் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் கேட்டதைத் தைக்க வைப்பதும் வேலை. சரக்கு தாமதமானால், “கைண்ட்லி நோட், லிட்டில் டிலே ஈஸ் தேர், கைண்ட்லி கோஆப்பரேட்” என்று எழுதுவாள்.

டென்மார்க்கிலிருந்து குழந்தைகள் பனியன் வாங்கும் இங்கா என்ற அம்மாள் ஒருநாள் முதலாளி ரத்தினசாமிக்கே எழுதிவிட்டாள்: உங்கள் ஆள் எழுதுவது எனக்குப் புரியவில்லை.

ரத்தினசாமி மைதிலியைக் கூப்பிட்டார். “தப்பா நெனச்சுக்காத அம்மிணி. கோயமுத்தூர்ல கான்வென்ட்டுல படிச்ச புள்ளை ஒண்ணு இருக்குதாமா. வந்து பாக்கச் சொல்லீருக்கறன்.”

“அப்ப நானுங்க சார்?”

“உன்னைப் போகச் சொல்லுவனா? பேக்கிங்ல எடமிருக்குதல்லோ.”

பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டே அட்டைப்பெட்டி கட்டுவது. மைதிலியின் முழங்கால் அதைத் தாங்காது.

அன்றிலிருந்து கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் காதில் ஆங்கிலப் பாடம் ஓடியது. யூடியூபில் ஒரு வாத்தியார், ‘அண்ட்’ என்று வாக்கியத்தை ஆரம்பிக்கவே கூடாது என்றார். அடுத்தவர் பாடத்தையே ‘அண்ட்’ போட்டுத்தான் ஆரம்பித்தார். கடைசியில், எழுதியதைப் போட்டால் பிழை காட்டும் இணையதளம் ஒன்று அகப்பட்டது. பழைய மெயில் ஒன்றைப் போட்டாள். அம்மை வார்த்த உடம்புபோலத் திரை முழுக்கச் சிவந்தது.

பக்கத்து மேசையில் தரம் பார்க்கும் விஜயராணி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மதுரைப் பக்கம்.

“என்னக்கா, கைண்ட்லி அம்புட்டையும் அடிச்சுப்புருச்சு? மருவாதி தெரியாததா இருக்கே!”

“வேண்டாத வார்த்தையாமா.”

“அப்ப உங்க ஊர்ப்பேச்சுல பாதி வேண்டாததுதேன்.”

அந்தச் சமயத்தில்தான் நேவி புளூ விவகாரம் வந்தது. இங்கா நிறத்தைப் பார்த்துச் சரி சொல்வதற்குள், அவசரப்பட்டு மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றியாகிவிட்டது. அவள் கேட்டதோ இன்னும் அடர்த்தியான நிறம். “கலர் கொஞ்சம் மாறிப்போச்சுன்னு எழுதிப் போடு” என்றார் ரத்தினசாமி.

“கலர் ஈஸ் லிட்டில் சேஞ்ச்டு” என்று மைதிலி எழுதினாள். இணையதளம் அடியில் கோடு போட்டது: செயப்பாட்டு வினை. யார் செய்தது என்று சொல்லவும்.

மாறிப்போச்சு, ஆயிப்போச்சு, நின்னுபோச்சு. பனியன் கம்பெனியில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நடக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குப் புண் ‘வந்துவிட்டது’ என்பார்கள், அதுபோல. புரட்டிப் படுக்க வைக்காதது யார் என்று கேட்டால்தான் வீட்டில் சண்டை.

இணையதளம் கேட்டதற்கு மைதிலி பதில் சொன்னாள்: நீங்கள் சரி சொல்வதற்கு முன்பே நாங்கள் சாயம் ஏற்றிவிட்டோம். கோடு மறைந்தது. பச்சை விழுந்தது. நூற்றுக்கு நூறு! மதிப்பெண்ணைப் பார்த்தாளே தவிர, எழுதியதைப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

இங்காவின் பதில் உடனே வந்தது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. அந்தத் துணி வேண்டாம், புதிதாகச் சாயம் ஏற்றுங்கள்.

ரத்தினசாமி மாடிப்படியில் மூச்சுவாங்க ஏறி வந்தார். “என்ன அம்மிணி எழுதுன?”

“நடந்ததைத்தானுங்க சார்.”

“நடந்ததை எழுதறதுக்கு எனக்கு ஆளு எதுக்கு? முந்தியெல்லாம் நீ எழுதறதுக்கு அர்த்தங் கேட்டே அந்தம்மா நாலு மெயில் போடும். அதுக்குள்ள சரக்கு கப்பலேறிரும்!”

மறுவாரம் கோயமுத்தூர்ப் பெண் வந்தாள். சரக்கு தாமதம் என்று இங்காவுக்கு ஒரு மெயில் எழுதிக் காட்டச் சொன்னார் ரத்தினசாமி. தட்டுத்தடங்கல் இல்லாமல் எழுதினாள். மைதிலியைப் படிக்கச் சொல்லி அர்த்தம் கேட்டார்: எங்கள் தவறால் சரக்கு தாமதமாகிறது, மன்னிக்கவும்.

“கொஞ்சம் பூசி மெழுகுனாப்புல எழுத வராதுங்களா கண்ணு?”

“அப்படி எழுதினா படிக்கறவங்களுக்குப் புரியாதுங்க சார்.”

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு மைதிலி பக்கம் திரும்பினார். “உன்ற பழைய இங்கிலீசு மறந்துபோகலியே?”

மைதிலி முழங்காலைத் தடவிக்கொண்டாள். அதே தாமத மெயிலை ‘கைண்ட்லி’யில் ஆரம்பித்து ‘கைண்ட்லி’யில் முடித்தாள். திரை சிவந்தது.

“செவப்பா வருதா? அனுப்பு. இனிமே சரக்கு நேரத்துக்குப் போனா பச்சையில எழுது. இல்லீன்னா செவப்புல.”

“அந்தம்மா மறுபடி குறை சொல்லுமுங்களே?”

“சொன்னா ஒரு பச்சை போடு.”

மைதிலி இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். பாடத்தையும் விடவில்லை. முன்பு கைபோன போக்கில் வந்த பிழைகளுக்கு இப்போது அரைநாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.