லார்க்ஹேம் தெருவின் குறுக்குச் சுவர்

லண்டனிலிருந்து லார்க்ஹேமுக்கு மின்சார ரயில் வந்த மறுவருஷமே, ஆப்பிள் தோட்டங்களை வெட்டி வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் பழம் பறித்தவரின் மகள் வின்னி. வங்கிக் குமாஸ்தா ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே மண்ணில் எழும்பிய புது வீட்டுக்குக் குடிவந்தாள். பேச்சைக்கூட மாற்றிக்கொண்டாள்.

இரண்டு வருஷத்தில், தெருவின் மறுகோடியில் நகராட்சி வாடகை வீடுகள் கட்டியது. அதில் ஒன்று வின்னியின் அக்கா எதெலுக்குக் கிடைத்தது. புருஷனுக்குச் செங்கல் சூளையில் வேலை; நாலு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று.

“அந்த ஜனங்க நம்ம தெருவுல நடந்தா வீட்டுக்கு என்னங்க மதிப்பு?” என்று பக்கத்து வீட்டு மிஸஸ் பாம்ஃப்ரெட் ஒரு மனுவோடு வந்தாள். தெருவுக்குக் குறுக்கே சுவர் வேண்டுமாம். என் அக்கா அங்கே இருக்கிறாள் என்று சொல்ல வின்னிக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டாள். சீக்கிரமே ஏழடிச் சுவர் எழும்பிவிட்டது.

அக்டோபர் மழையில் ஒரு மைல் சுற்றிக்கொண்டு எதெல் வந்து கதவைத் தட்டினாள். உள்ளே மிஸஸ் பாம்ஃப்ரெட் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“யாருங்க அது?”

“துணி துவைக்கிற பொம்பள” என்றாள் வின்னி.

எதெல் காதில் விழுந்தது. ஒரு கணம் தங்கையையே பார்த்தாள். “திங்கக்கிழம வர்றேன் மேடம்” என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனாள்.

என்ன காரியம் என்பது ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்தான் தெரிந்தது. எதெலின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நிற்க வேண்டிய இடத்தில் பாதிரியாரின் மனைவி நின்றாள். “வினிஃப்ரெட்” என்று வின்னியின் முழுப்பெயரையே சொல்லிப் பாதிரியார் குழந்தையை அழைத்தபோது, பின்வரிசையில் வின்னி கையுறையைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

இருபத்துநாலு வருஷம் கழித்து நகராட்சி சுவரை இடித்தது. செங்கல் தூள் அடங்குமுன் வின்னி தாண்டி அக்கா வீட்டுக்குப் போனாள். சுவர் இருந்த இடத்திலிருந்து நாற்பது அடிதான்.

“அக்கா, அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டேன்.”

“தெரியும்டி. பேரெல்லாம் அப்பவே நகராட்சி ஆபீஸ்ல ஒட்டியிருந்தாங்களே.”

“அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?”

“நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்.”

எதெல் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார வின்னிக்குக் கூசியது. நின்றபடியே அழுதாள்.