ட்ரம்பெட்டுக்கு ஒரு படி மேலே

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ‘செகண்டு’ என்றால்தான் திரும்புவாள். சோப்பு, செருப்பு, பெயின்ட் என்று இருபது வருஷமாக விளம்பரப் பாட்டுகளில் யாரோ ஒருத்தி முன்னால் நின்று பாட, இவள் பின் மைக்கில் ரெண்டாம் குரல் கொடுப்பாள். மெட்டு ஒரு பக்கம் போகும், இவள் அதை ஒட்டியே மேலேயோ கீழேயோ போவாள். ஒரு இடத்திலும் முட்டாது. ஏன் முட்டவில்லை என்று கேட்டால் மட்டும் பதில் தெரியாது. அந்தத் தெரியாததுதான் நாற்பத்து நாலு வயதில் அவளை இசைப் பள்ளியின் சனிக்கிழமை வகுப்பில், சின்னஞ்சிறுசுகள் நடுவே கொண்டுபோய் உட்கார வைத்தது.

படிப்பென்றால் அப்படி ஒரு படிப்பு! எந்தச் சுரத்தோடு எது சேரும், மெட்டை எந்த வாத்தியத்திடம் கொடுப்பது, எந்த வாத்தியத்தை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்வது என்று மண்டைக்குள் அதே ஓட்டம். ஃபிரிட்ஜ் கதவு முழுக்க எந்தெந்தச் சுரம் சேர்ந்து ஒலிக்கும் என்ற அட்டவணை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“வாஷிங் மெஷினுக்கெல்லாம் சுருதி சொல்றியே, என் குறட்டை எந்தச் சுருதி?”

“அது சுருதியிலயே இல்லீங்க.”

இதற்கிடையில் கூடத்து முதலாளி ஒரு வார்த்தை விட்டார். பாட்டுக்கு வாத்தியம் பிரித்து எழுதிக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். “பாஸ் பண்ணிட்டுத் திங்கக்கிழமை வா, அடுத்த விளம்பரம் உனக்கு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்.” இசைப் பள்ளியின் இறுதித் தேர்வு சனிக்கிழமை. இரண்டாவது வாய்ப்பெல்லாம் கிடையாது.

தேர்வுக்கு ஒரு குடைக் கம்பெனிக்கான ஒரு நிமிஷப் பாட்டு எழுத வேண்டும். கீபோர்டு, பேஸ் கிட்டார், ட்ரம்பெட், ரெண்டு குரல். மெட்டு அவளுக்கு பஸ்ஸில் நின்றபடி வந்தது. இறங்குவதற்குள் முணுமுணுத்தே முடித்துவிட்டாள். முதல் குரலை வகுப்பில் கணீரென்று பாடும் பெண்ணுக்குக் கொடுத்தாள். ரெண்டாம் குரலை மெட்டுக்கு மேலே எழுதித் தனக்கு வைத்துக்கொண்டாள். பழக்கதோஷம், வேறென்ன?

அவளைவிடப் பத்து வயது சின்னவரான வாத்தியார் வரைவைப் பார்த்துவிட்டு, கீழ்ச் சுரத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். “மெட்டு ரொம்பக் கீழ நிக்குதும்மா. இந்தப் பொண்ணுக்கு எட்டுமா?”

“எட்டும் சார். மட்டுமட்டா எட்டும்.”

“உங்க தொண்டைக்கு எழுதின மாதிரி இருக்கு” என்றார். அவள் சிரித்து மழுப்பினாள்.

தேர்வன்று ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். வாசிக்க வந்த வகுப்புப் பிள்ளைகளிடம் பிரதிகளைக் கொடுத்தாள், எண்ணிக்கை சொன்னாள், ஆரம்பித்தார்கள். நாலாவது வரியில் ட்ரம்பெட் நுழைந்தது. ஐயையோ! ரெண்டு பாட்டை ஒரே நேரத்தில் போட்டதுபோல் அறையே அலறியது. கீபோர்டுக்காரன் கையை எடுத்துவிட்டான்.

அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ட்ரம்பெட் ஒரு கிறுக்கு வாத்தியம். தாளில் இருப்பதற்கு ஒரு படி கீழேதான் அது பேசும். அதனால் அதற்கு மட்டும் ஒரு படி ஏற்றி எழுதித் தர வேண்டும். முதல் மாதப் பாடம். தலைகீழாக ஒப்பிப்பாள். ராத்திரி பகலாக எல்லாம் எழுதிவிட்டு அந்த ஒன்றைக் கோட்டை விட்டிருந்தாள்.

“என் தப்புதான். ட்ரம்பெட்டுக்கு ஏத்தி எழுதாம விட்டுட்டேன்” என்றாள், பூசி மெழுகாமல். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிஷம் பாக்கி.

“தம்பி, பார்த்துக்கிட்டே ஒரு படி ஏத்தி வாசிப்பியா?”

ட்ரம்பெட்காரன் உதட்டைத் தடவிக்கொண்டான். “அக்கா, இதுவே எனக்கு உச்சி. இதுக்கு மேல போனா கோழி கத்தும்.”

சரி, அவன் ஏற முடியாதென்றால் மற்றவர்கள் இறங்க வேண்டியதுதான். “கீபோர்டு, ஒரு படி இறக்கிப் போடு. பேஸ், கிட்டார்ல அது ரெண்டு கட்டம், கீழ வா.” இருபது வருஷம் பின் மைக்கில் நின்றவளுக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் செய்தார்கள். வாத்தியங்கள் சேர்ந்துகொண்டன. ஆனால் முதல் வரியின் அடிச் சுரத்தைத் தொட்டதும் பாடும் பெண்ணின் குரல் காற்றாகிப் போயிற்று.

“எட்டலக்கா” என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக.

நாலு நிமிஷம் பாக்கி. செகண்டு தன் கையிலிருந்த ரெண்டாம் குரல் தாளைப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் வழி பளிச்சென்று தெரிந்தது. மேலே போகும் ரெண்டாம் குரல் இறங்கி வந்து அந்தப் பெண்ணின் தொண்டைக்குத் தோதாக நின்றது. கீழே போன மெட்டு யாருடைய தொண்டைக்கு என்று கேட்கவே வேண்டாம்.

“இந்தா, இதைப் பிடி. நீ ரெண்டாவது பாடு.” தாளை மாற்றிக்கொண்டு முன் மைக்குக்கு வந்து நின்றாள். “எண்ணறேன்... ஒண்ணு, ரெண்டு...”

பாடினாள். குடை விற்கும் பாட்டுதான், ஆனால் அந்த அடிச் சுரத்தில் அவள் நின்ற நிற்பு இருக்கிறதே, ட்ரம்பெட்காரன் தன் இடம் வந்ததையே மறக்கப் பார்த்தான். முடிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

வாத்தியார் பேனாவை எடுத்தார். “ட்ரம்பெட்டுக்காகப் பத்து மார்க் போச்சு.”

“போகட்டும் சார்.”

“மத்ததுல மார்க் பிடிக்க இடமில்ல. பாஸ்.”

திங்கட்கிழமை கூடத்து முதலாளி தேர்வுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புது பிஸ்கட் விளம்பரத்தின் வரிகளை அவள் பக்கம் தள்ளினார். புதன்கிழமை வாத்தியம் பிரித்து எழுதிக் கொண்டுவந்தாள். ட்ரம்பெட் தாளை மட்டும் மூன்று முறை சரிபார்த்திருந்தாள்.

“அருமை செகண்டு” என்றபடி அவர் போனை எடுத்தார். “முதல் குரலுக்கு யாரைக் கூப்பிடலாம்?”

“ரெண்டாம் குரலுக்கு ஒரு பொண்ணு இருக்கு, அதைக் கூப்பிடுங்க சார்” என்றாள். “முதல் குரலை என் தொண்டைக்குத்தான் எழுதியிருக்கேன்.”