தகரத்துக்குப் பின்னால்

இது நடந்தது. நம்பாதவர்கள் லீமாவிடமே கேட்கலாம். சொல்லத் தொடங்கினால் இன்றும் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவளுக்கு பாக்கிங் வேலை. வேலை விட்டதும் கடைத்தெருவை ஒட்டிய திடலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். கோடையில் நுங்கு வண்டி, ஐப்பசியில் தவளைச் சத்தம், மாசி மகத்துக்கு ராட்டினம்... எந்தக் காலத்திலும் அந்த இடம் அவளுக்குச் சலித்ததில்லை.

போன கார்த்திகையில் கோதண்டபாணி என்ற காண்ட்ராக்டர் வந்தார். கடை கட்டப் போவதாகச் சொல்லித் திடலைத் தகரம் வைத்து அடைத்தார். லீமா மனு கொடுத்தாள். சண்டை போட்டாள். மிச்சமானது தகரத்துக்கு வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சுதான்.

மார்கழி. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து அந்த வழியாக வந்தாள். ஒரே பனி. பெஞ்சில் ஒரு பெண். தலை, தோள், துணி எல்லாம் செம்மண்.

"பசங்க உள்ள இருக்குதுங்க," என்றாள் அந்தப் பெண். "அடைச்சிட்டானுங்க."

யாரோ சித்தாள் என்று நினைத்தாள் லீமா. அப்போதுதான் கேட்டது.

டக்... டக்...

உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டுகிற சத்தம். முழங்கால் உயரத்தில்.

லீமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாட்ச்மேன் சுப்புராயனைப் போய் எழுப்பினாள்.

"கேட்டத் தொறங்க. கொழந்தைங்கள வச்சிப் பூட்டுவீங்களா?"

"உள்ள யாரும் இல்லம்மா. ஆளுங்க ஓடிப்போயி ஒரு வாரம் ஆவுது."

"அப்ப தட்டறது யாரு?"

அவருக்கும் கேட்டது. சாவியை நீட்டினார். கிட்டே வரவில்லை.

லீமாவே திறந்தாள்.

சத்தம் நின்றது.

பள்ளம். கம்பிகள். ஈர மண்.

யாரும் இல்லை...

மண்ணில் ஒரு காலடிகூட இல்லை.

திரும்பினாள்.

பெஞ்சும் காலி.

"ஆளுங்க ஏன் ஓடினாங்க?" என்று கத்தினாள். சுப்புராயன் அன்றைக்குச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பொங்கல் கழிந்து, வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான வேப்பூருக்கே திரும்பிய நாளில், பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் சொன்னார்.

பள்ளம் தோண்டியபோது தாழிகள் வந்தன. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள். வெளியே தெரிந்தால் வேலை நின்றுவிடும் என்று கோதண்டபாணி எல்லாவற்றையும் உடைத்து, எலும்போடு அஸ்திவாரத்திலேயே போட்டு மூடச் சொன்னார்.

"எல்லாம் சின்னச் சின்னத் தாழி. கொழந்தைங்க."

"அந்தாளு மனுசனா?" என்றாள் லீமா. பல்லைக் கடித்தபடி.

"ஒண்ணு மட்டும் பெரிசும்மா. மூடி போட்டது போட்டபடி இருந்துச்சு. ஒடைக்கறப்ப நான் பக்கத்துல நின்னேன்."

பஸ் கிளம்பியது. அவர் படியில் கால் வைத்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல."