வடக்குப் பாதிக்கு வெயில் வராது

எங்கள் கூடத்தின் நீளம் முப்பத்தாறரை அடி. நடுவில் எழுப்பிய சுவரின் கனம் முக்கால் அடி. நடு உத்திரத்துக்குக் கீழேதான் சுவர் நிற்கும் என்று கொத்தனார் சொல்லிவிட்டதால் இரண்டு பாதியும் சமமாக வரவில்லை. வடக்குப் பாதி பதினெட்டரை அடி, தெற்குப் பாதி பதினேழேகால். மூத்தவன் என்பதால் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை எனக்கு. ஒன்றேகால் அடி கூடுதல் என்று வடக்கை எடுத்துக்கொண்டேன். வெயில் எந்தப் பக்கம் வரும் என்று அப்போது பார்க்கவில்லை. டேப்பைத்தான் பார்த்தேன்.

கீழ்வேளூரிலிருந்து நாலு மைல் உள்ளே எங்கள் ஊர். நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தம்பி விவசாயத்தைப் பார்த்துக்கொண்டான். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியும் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே உலைச் சோறுதான் சாப்பிட்டோம். நில உச்சவரம்புச் சட்டத்தை அரசாங்கம் இறுக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் நிலம். அதற்கு மேலே இருப்பதை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். எங்களை ஒரு குடும்பமாக எண்ணினால் பதினோரு ஏக்கர் போகும். இரண்டு குடும்பமாக எண்ணினால் ஒரு குழி கூடப் போகாது.

அதனால் நாங்கள் அப்பா காலத்திலேயே பிரிந்துவிட்டதாகப் பழைய தேதி போட்டு ஒரு பத்திரம் தயாரானது. அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அவர் பார்க்கும்போது இரண்டு அடுப்பு எரிய வேண்டும், இரண்டு கூடம் இருக்க வேண்டும். அவர் போனதும் சுவரை இடித்துவிடுவது என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டோம். இது சரியா என்று அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் யாரையும் கேட்கவில்லை. பதினேழு வீட்டில் ஒன்பது வீடு அப்படித்தான் பிரிந்தது.

புதுச்சுவர் புதுசாகத் தெரியக்கூடாதே. இடிந்த மாட்டுக்கொட்டகைச் செங்கல்லைக் கொண்டுவந்து கட்டி, பூசி, சுண்ணாம்பில் கொதித்த டீத்தண்ணியைக் கலந்து அடிக்கச் சொன்னான் தம்பி. பத்து வருஷப் பழுப்பு ஒரே நாளில் வந்துவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "செவுத்துக்கு டீ. எனக்குத்தான் காலையிலேருந்து ஒரு வாய் காப்பி இல்ல" என்றாள்.

கூடத்துச் சாமான்களையும் பிரிக்க வேண்டியிருந்தது. மொத்தம் நாற்பத்தாறு. நான்தான் பட்டியல் எழுதினேன். ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுப்பது என்று ஏற்பாடு, முதலில் நான். நிலைக்கண்ணாடியை எடுத்தேன். அடுத்து ஆறடித் தேக்கு பெஞ்சு. அடுத்து சுவர்க்கடிகாரம், அது ஓடவில்லை, ஆனால் பெரியது. தம்பி அவன் முறை வந்தபோதெல்லாம் எதையோ யோசித்து யோசித்து இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு குட்டை முக்காலி, வாய் நசுங்கிய ஒரு பித்தளைக் குடம் என்று எடுத்தான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கடைசியில் மிஞ்சியது பூஜை அறையில் விளக்குப் புகை குடித்துக் கறுத்துப்போன ஒரு தஞ்சாவூர்ப் படம். நாலடிக்கு மூன்றடி. உள்ளே இருப்பது கிருஷ்ணரா ராமரா என்றுகூடத் தெரியாது. அது அவனுடைய இருபத்துமூன்றாவது.

என் பாதியில் என் இருபத்துமூன்றையும் வைத்தேன். எடுத்ததை எதற்கு ஒளிக்க வேண்டும்? சுவர் ஓரமாக ஏழு நாற்காலி, எதிரே பெஞ்சு, பெஞ்சுக்குப் பக்கத்தில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே கடிகாரம். அதிகாரி கண்ணில் படட்டும் என்று ஆளுங்கட்சித் தலைவர் படம் போட்ட காலண்டர் ஒன்றையும் மாட்டினேன். ஆக இருபத்துநாலு.

தம்பி பதினெட்டைத் தூக்கி மச்சில் போட்டுவிட்டான். ஐந்துதான் வெளியே. இரண்டு பிரம்பு நாற்காலியையும் நேருக்கு நேராக வைக்காமல், பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் சற்றே திரும்பி உட்கார்ந்த மாதிரி வைத்தான். முக்காலி மேல் குடம், குடத்தில் ஒரு கொத்து நெற்கதிர். அந்தப் படத்தை நாலு நாள் பஞ்சால் துடைத்தான். புகை போகப் போக வெண்ணெய் உருண்டையோடு குழந்தைக் கிருஷ்ணர் வந்தார். தங்கரேக்கு அப்படியே இருந்தது. அதைப் புதுச்சுவரில் மாட்டினான்.

அது தை மாதம். தெற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து சிவப்புச் சிமெண்டுத் தரையில் விழுந்து, அங்கிருந்து எதிர்ச்சுவரில் ஏறும். படம் எரிகிற மாதிரி இருக்கும். பதினொன்றரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டே கால் வரை. நாற்பத்தைந்து நிமிஷம். விடுமுறை நாட்களில் முற்றத்துப் பக்கமாக ஏதோ வேலை போல நடந்து நடந்து இதைக் கணக்கெடுத்தேன். சுவரின் என் பக்கம் வடக்குப் பார்த்தது. அங்கே நிமிஷக் கணக்கே கிடையாது.

வருகிறவர்கள் எல்லாரும் அவன் பக்கம்தான் போய் உட்கார்ந்தார்கள். என்னைப் பார்க்க வந்த தலைமையாசிரியர்கூட அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். போதாததற்கு என் மனைவியும் மத்தியானம் அங்கே போய்விடுவாள்.

"அங்க அப்படி என்ன இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. அதான் நல்லா இருக்கு."

"இங்க?"

"இங்க உக்காந்தா ரயிலுக்கு நேரமாச்சோன்னு இருக்கு."

எழுந்து நாற்காலிகளை மாற்றிப் போட்டேன். கண்ணாடியை எதிர்ப்பக்கம் வைத்தேன். ஏழு நாற்காலி பதினாலாகத் தெரிந்தது. இரண்டு தூணிலும் மாலை கட்டினேன். அவன் பித்தளைக் குடம் வைத்தான் என்று நான் வெண்கலப் பானை வைத்தேன். சமமாகப் பிரித்த ஒன்று எப்படிச் சமமில்லாமல் போகும் என்று எனக்கு விளங்கவில்லை. பட்டியலை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் இருபத்துமூன்று, இருபத்துமூன்று.

அதிகாரி வருகிற நாள் காலை பத்து மணிக்குத் தம்பி அவரை அழைத்துவர ரோட்டுக்குப் போனான். என் மனைவியும் தம்பி மனைவியும் கொல்லையில் ஆளுக்கொரு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் கூடத்தில் போய் நின்றேன். அதிகாரி இதைத்தான் பார்க்கப் போகிறார், பிறகு என் பக்கம் வந்து வெண்கலப் பானையைப் பார்க்கப் போகிறார். பட்டியலில் அந்தக் கிருஷ்ணர் "புகை படிந்த படம்". புகையைத் துடைத்த பிறகு அது வேறு பொருள். மறுபடியும் பங்கு வைக்க வேண்டியதுதானே முறை? அப்போது முதல் முறை என்னுடையது. இப்படி ஒரு கணக்கு அன்றைக்கு எனக்குச் சரியாகவே பட்டது.

படத்தைத் தனியாக இறக்க முடியாது. எங்கள் பண்ணையாள் ஒருவர், அறுவடைக் கூலி பற்றிப் பேசத் தம்பிக்காகக் கொல்லையில் காத்திருந்தார். அப்போதெல்லாம் "அவன்" என்றுதான் சொல்வோம். இப்போது எழுதக் கை வரவில்லை. கூலித் தகராறில் எங்கள் வரப்பிலும் சிவப்புக் கொடி நின்ற சமயம். பண்ணையாட்களில் யாரும் கூடத்துக்குள் வருகிற வழக்கமில்லை. அன்று நானே கூப்பிட்டேன். வாசற்படியில் நின்று தயங்கினார். "வா, வா, நேரமில்ல" என்றேன்.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். படத்துக்குப் பின்னால் என் முகம் மறைந்திருந்தது.

"பெரியய்யா, செவுத்துல என்னமோ கீறியிருக்குங்க."

"நீ படத்தப் பாத்துப் புடி."

என் பக்கம் கொண்டுபோய், கடிகாரத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டினோம். கொஞ்சம் இருட்டாகத்தான் தெரிந்தது. ஜன்னலை இன்னும் விரியத் திறந்தேன். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

முற்றத்து நடை வழியாக நானும் தெற்குப் பக்கம் போனேன். என் பின்னாலேயே வந்து வெளியே போகப் புறப்பட்ட பண்ணையாள், அதிகாரி உள்ளே வரவும் கதவோரம் ஒதுங்கி நின்றுவிட்டார். அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, "ரொம்ப அழகா வச்சிருக்கீங்க சார்" என்றார். அந்த நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்றது.

தம்பி அப்போதுதான் சுவரைப் பார்த்தான். விறுவிறுவென்று போய் ஆணிக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். அதற்குள் நானும் பார்த்துவிட்டேன். வேலை முடித்ததும் ஈரப்பூச்சில் தேதியைக் கீறிவைப்பது கொத்தனார்கள் பழக்கம். எங்கள் கொத்தனாரும் பழக்கத்தை விடவில்லை. நாள், மாதம், வருஷம், மூன்றும் இருந்தன. அப்பா காலத்தில் கட்டிய சுவருக்கு அன்றோடு இருபத்தாறு நாள்.

பதினோரு ஏக்கரும் தம்பியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அதிகாரி கதவோரம் நின்றவரைப் பார்த்தார். "இந்தச் செவுரு எத்தன வருஷமா இருக்கு?"

கொல்லையில் அந்தச் செங்கல்லைச் சுமந்து இறக்கியவரே அவர்தான். அந்தப் பதினொன்றில் ஒன்று அவருக்கே வந்தாலும் வந்திருக்கும். என்னை ஒரு முறை, தம்பியை ஒரு முறை பார்த்தார்.

"கூடத்துக்குள்ள இன்னைக்குத்தாங்க மொத தடவ வர்றேன்" என்றார். அது நிஜம். அதிகாரி மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினார். பண்ணையாள் இறங்கிப் போய்விட்டார்.

"அது சரி, அவ்வளவு பெரிய ஆணி. அதுல என்ன மாட்டியிருந்தீங்க?"

"ஒரு படம் சார்" என்றான் தம்பி.

"எங்க அது?"

"அண்ணன்கிட்டதான் கேக்கணும்."

"அது என் பங்கு" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். வாயில் வந்துவிட்டது.

"எது ஒங்க பங்கு? பட்டியல் எழுதினது யாரு? மொதல்ல எடுத்தது யாரு? பெருசு பெருசா பாத்துப் பொறுக்குனீங்கல்ல? ஓடாத கடியாரத்தக்கூட விடலியே!"

"கறுப்பா கெடந்தப்போ யாரும் கேக்கலடா. இப்ப அது வேற படம்."

"தொடச்சது நான்! நாலு நாள் தொடச்சேன்!"

"வீட்டுப் படத்த ஒன்ன யாரு தொடைக்கச் சொன்னா?"

"அண்ணே, ஒங்களுக்கு எண்ணத்தான் தெரியும். பாக்கத் தெரியாது. அப்பா இருக்கச்சேயும் அப்படித்தான், எனக்கு வச்ச வடையக்கூட எண்ணிப் பாத்துட்டுத்தான் சாப்பிட ஒக்காருவீங்க. நான் எத வச்சாலும் ஒங்களுக்குக் கண்ணு. நீ எடுத்துட்டுப் போ. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ!"

என்னை அவன் "நீ" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் ஏதேதோ சொன்னேன், எழுதும்படி இல்லை. இரண்டு அடுப்பையும் விட்டுவிட்டுப் பெண்கள் நடையில் வந்து நின்றார்கள். அவ்வளவு கத்தலிலும் அவன் சுவரைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை; கையை மட்டும் வீசினான். மணி பதினொன்றரை ஆகியிருக்க வேண்டும். தரை வெயில் ஏறி, படத்தின் மேல் விழ வேண்டியது அவன் முகத்தில் விழுந்தது.

அதிகாரி சிரித்தார். "போதும் சார், போதும். எங்க வீட்டுல ஒரு பித்தள அண்டாவுக்காக எங்கண்ணன் என்கூட ரெண்டு வருஷமாப் பேசல. பாகம் பிரிஞ்ச வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நேத்து மூணு வீட்டுல சிரிச்சுக்கிட்டே பிரிஞ்சிட்டோம்னு சொன்னாங்க. மூணையும் பிரியாத குடும்பம்னுதான் எழுதியிருக்கேன்."

என் பக்கத்தை எட்டி மட்டும் பார்த்தார். "இங்க நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு குடும்பம் என்று எழுதினார்.

ஜீப் சத்தம் ஓய்ந்த பிறகு தம்பி சுவரைவிட்டு நகர்ந்தான். வேர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க டீத்தண்ணிப் பழுப்பு.

"ஏண்டா என்கிட்ட முன்னாடியே சொல்லல? பூசி மறைச்சிருக்கலாமே?"

"பூசினா அந்த எடம் மட்டும் ஈரமாத் தெரியும். சொல்லியிருந்தா கொத்தனாரக் கூப்பிட்டு ஊரே கேக்கக் கத்தியிருப்பீங்க." நனைந்த சட்டையைக் கழற்றினான். "படம் உங்ககிட்டயே இருக்கட்டும்ணே."

"ஆள வரச்சொல்லிச் செவுர இடிச்சிடுவோம்."

"செவுரும் இருக்கட்டும்."

கோபத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். படத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். இரண்டு தடவையும் வந்துவிட்டது. பிறகு பேச்சு இருந்தது. நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்றான். "அண்ணே" என்றுதான் கூப்பிட்டான். ஆனால் அந்த இரண்டாவது அடுப்பு அணையவே இல்லை. பதினோரு ஏக்கரும் எங்களிடமே இருந்தது, அவனுக்கு ஐந்தரை, எனக்கு ஐந்தரை. அன்று கதவோரம் நின்றவர் கடைசிவரை அதில் கூலிக்குத்தான் நட்டார்.

தம்பி போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் அவன் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தச் சுவரில் அவன் அப்புறம் எதையுமே மாட்டவில்லை. தேதியைச் சுரண்டவும் இல்லை, வெள்ளையடித்ததில் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எதிரே அதே இரண்டு பிரம்பு நாற்காலி, அதே மாதிரி சற்றே திரும்பி. என் பக்கம் இப்போது நாற்பத்தொரு சாமான் இருக்கிறது, படத்தைச் சேர்த்து. ஒன்றுமில்லாத அந்தச் சுவர் அப்போதும் என் கூடத்தைவிட நன்றாகத்தான் இருந்தது.

தம்பி மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். கையில் டேப்போடு சுவரை அளந்துகொண்டிருந்தான்.

"பெரியப்பா, இந்த எடத்துல பெரிய டிவி ஒண்ணு மாட்டலாம்னு இருக்கேன்."

"அங்க வேண்டாம். வெயில் அடிக்கும்."

"உள் செவுத்துலயா? எப்ப?"

"தை மாசம். பதினொன்றரையிலேருந்து பன்னெண்டே கால் வரைக்கும்."